பல் இல்லாத பக்கெட்

“பல்லே இல்லாத பக்கெட்ட வச்சுக்கிட்டு என்னத்தளா கடிக்கப் போற?”

துறைமுகச் சாலையில், பழைய மண்வெட்டும் இயந்திரங்களை வாங்கி விற்கிற யார்டில் வைத்துக் கடை அண்ணாச்சி என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு என் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணனும் சிரிக்கப் பார்த்தான், ஆனால் அவனுக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை.

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக யார் யாருக்கோ பொக்லைன் ஓட்டியவன், அந்த வேலையை விட்டுவிட்டு, பழைய குட்டி பொக்லைன் ஒன்றைச் சொந்தமாக எடுத்திருந்தான். இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் செயின் போட்ட மெஷின். பழைய முதலாளி மறுநாளே அவன் சீட்டில் வேறு டிரைவரை உட்கார வைத்துவிட்டார். இனி அங்கே திரும்பிப் போக முடியாது. மழைக்காலம் முடிந்து மண்வேலை தொடங்குகிற நேரம் அது. அடுத்த இரண்டு மாதத்திற்குள் மெஷினுக்கு நிரந்தரமாக ஒரு வேலை பிடிபட வேண்டும், பிடிபடவில்லையென்றால் மெஷினை விற்றுவிட்டு மறுபடி யாரிடமாவது போய் நிற்க வேண்டும்.

மெஷினோடு கூட வந்தது, மண் அள்ளுகிற, பல் தேய்ந்துபோன சின்ன பக்கெட் ஒன்றுதான். மெஷின் கையில் மாட்டுகிற அட்டாச்மென்ட் இன்னும் ஒரே ஒன்று சேர்த்துத் தருவதாக அண்ணாச்சி ஒத்துக்கொண்டிருந்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றுதான்.

எடுக்கப் போவது எது என்பதை நான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். அம்மாவும் அப்பாவும் வேம்பார் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள், கையெழுத்து மட்டும் போடுவார்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, துறைமுகத்தில் கிரேன் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நீல நிறத்தில் பெரிய சட்டையும் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சட்டையோடு பஸ்ஸில் ஏறும்போது, யாராவது ‘எங்க வேல?’ என்று கேட்க மாட்டார்களா என்று இருக்கும். கேட்காவிட்டால் நானே பேச்சு கொடுத்துச் சொல்லிவிடுவேன்.

யார்டில் மணல்மீது அட்டாச்மென்ட்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதலில் பிரேக்கர். கான்கிரீட் உடைக்கிற உளி, ஒரு ஆள் உயரத்துக்கு நின்றது. அடுத்தது ஆகர், குழி துளைக்கிற பெரிய திருகாணி மாதிரி. பிறகு ஒற்றைக் கொக்கி ஒன்று, இறுகிய தரையைக் கிழிப்பதற்கு. குறுகலான, கூர்மையான பல் வைத்த பக்கெட்கள் நாலைந்து. எல்லாவற்றுக்கும் பின்னால், உடை முள்மரத்து நிழலில், யாரும் எடுக்காத ஒரு அகலமான பக்கெட் கிடந்தது. ஆழம் குறைவு, வாய் மட்டும் நீளம். வாய் ஓரம் நேராக, வழவழப்பாக, பல்லே இல்லாமல் இருந்தது. முதுகில் வட்ட வட்டமாக ஓட்டைகள். அதற்குள் கறுப்புப் பூனை ஒன்று படுத்திருந்தது.

அண்ணன் பிரேக்கரைத்தான் கையால் தட்டிப் பார்த்தான். அவன் வரும்போதே அதை மனதில் வைத்துத்தான் வந்திருந்தான்.

“ஏளா, டவுன்ல எந்தத் தெருவுல பாத்தாலும் இடிக்காங்க, இல்லன்னா ரோட்ட வெட்டுதாங்க. இது இருந்தா ஒரு நாளும் சும்மா நிக்க வேண்டாம்” என்றான்.

“அப்படிச் சொல்லு” என்றார் அண்ணாச்சி. “சத்தம் கேட்டாத்தாம்ல நாலு பேருக்கு மெஷின் நிக்கது தெரியும்.”

நான் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பூம் என்கிற பெரிய கை, உடம்போடு சேருகிற இடத்தில் பெயின்டுக்கு அடியில் ஒரு மேடு தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினேன். பழைய வெல்டிங். முன்பு விரிசல் விட்டு ஒட்டியிருக்கிறார்கள். நல்லபடியாக ஒட்டியிருந்தார்கள், சாதாரண வேலைக்கு அது தாங்கும். ஆனால் பிரேக்கர் நாள் முழுக்க உதறுகிற உதறலை அந்த ஒட்டு எத்தனை மாதம் தாங்கும்? பிரேக்கரும் ஆகரும் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுகிறவை, அந்த எண்ணெய் தனியாகப் போக வேண்டும். அதற்கான குழாய் இந்த மெஷினில் இருந்தது, ஆனால் வாய் இரண்டும் துருப்பிடித்து அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்து சரிசெய்து, பம்ப் அந்த வேகத்துக்குத் தள்ளுமா என்று பார்க்க வேண்டும். அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும்.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, வெல்டிங்கைத் தொட்டுக் காட்டினேன். அவன் விரலை வைத்து நெடுநேரம் தடவினான். ஓட்டுகிறவனுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

“சரி, அப்ப கொக்கிய எடுப்போமா?”

“அண்ணே, உனக்குத் தெரிஞ்சு பிரேக்கரும் கொக்கியும் வச்சிருக்கவங்க எத்தன பேரு?”

“எங்க ஆளுவ எல்லாருந்தான்.”

“உப்பளத்துல வாய்க்கால் வாருறதுக்கு?”

“அளத்துக்குள்ள எவம் மெஷின விடுவான்? வெளக்கமாத்தாலயே அடிப்பாவ.”

“ஏன் விட மாட்டாவ?”

இருவருக்குமே தெரிந்த விஷயம்தான்.

உப்பளத்தில் உப்பு விளைகிற பாத்தியின் தரை, மிதித்து மிதித்து உண்டாக்குகிற தரை. மழை முடிந்து தண்ணீர் வடிந்ததும், மேலே படிந்த சகதியை வழித்தெடுத்துவிட்டு, பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்று, வெறுங்காலால் நாள் கணக்கில் களிமண்ணை மிதிப்பார்கள். குதிகாலால் ஒரு அழுத்து, பக்கத்தில் இன்னொரு அழுத்து. தரை சிமெண்ட் போல இறுகும்வரை அதுதான் வேலை. அம்மாவின் பாதம் இரண்டும் அப்படி மிதித்தே அகன்றவை. மிதித்த பாத்திக்குள் முதலாளியே வந்தாலும் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் மணல். நடுவில் இருக்கிற அந்தக் களிமண் பொத்துப்போனால், தேக்கி வைத்த உப்புத் தண்ணீர் கீழே இறங்கிக் காணாமல் போய்விடும். பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்காலுக்கும் இதே கதைதான்.

மழை முடிந்ததும் அந்த வாய்க்கால்களில் முழங்கால் அளவுக்குச் சகதி நிறைந்துவிடும். அதை மண்வெட்டியால் வாரி, சட்டியில் தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அம்மாவும் கொட்டியிருக்கிறாள். பள்ளி விடுமுறையில் நானும் கொட்டியிருக்கிறேன். சகதி காதோரம் வழிந்து, உப்பு காய்ந்து, தோல் இழுக்கும்.

“செருப்பக் கழத்திட்டு எறங்குத எடத்துல, பல்லு வச்ச பக்கெட்ட எப்படிண்ணே எறக்க விடுவாவ? பல்லு இல்லன்னா விடலாம்லா?” என்றேன்.

அண்ணன் உடை மரத்தடியில் கிடந்ததைத் திரும்பிப் பார்த்தான். பூனையும் அவனைப் பார்த்தது.

அதுதான் வேண்டும் என்று நான் சொன்னதும்தான் அண்ணாச்சி, என்னத்தளா கடிக்கப் போற என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பையிலிருந்து, நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது வாங்கியது, இன்றும் கைப்பையில் சீப்போடு கிடக்கிறது. பக்கெட்டைக் கோத்து நிறுத்துகிற இரும்பு முளையான, மெஷின் கையில் இருக்கிற பின்னின் தடிமனை அளந்தேன். அந்தப் பின் நுழைகிற, பக்கெட் காதில் இருக்கிற துளையை அளந்தேன். இரண்டு பின்னுக்கும் நடுவே உள்ள தூரம், இரண்டு காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒன்றையும் விடவில்லை.

“என்னளா, நகைக்கடைக்கு வந்த மாதிரி அளக்க?” என்றார் அண்ணாச்சி.

“பொருந்தலன்னா திரும்பக் கொண்டாந்தா வாங்கிக்கிடுவியளா அண்ணாச்சி?”

“அதெப்படி வாங்க?”

“அதான் அளக்கேன்.”

அண்ணன் இந்தத் தடவை நன்றாகவே சிரித்தான்.

துளைகள் சரியாக இருந்தன. காதுகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் கொஞ்சம் அதிகம். இரண்டு பக்கமும் வாஷர் போட்டால் ஆடாமல் நிற்கும். அடுத்து பாரம். சகதி மணலைவிடக் கனம். அகலமான பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு மெஷின் பக்கவாட்டில் கையை நீட்டினால், குட்டி மெஷின் சாய்ந்துவிடும். காபினுக்குள் ஒட்டியிருந்த தகட்டில், எவ்வளவு தூரம் நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்ற கட்டம் பாதி அழிந்திருந்தது. மிஞ்சியதை வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு சரியென்று சொன்னது. ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டு, அங்கேயே பக்கெட்டை மாட்டி, நனைத்த மணலை அள்ளி, கையைப் பக்கவாட்டில் முழுசாக நீட்டச் சொன்னேன். குவியலாக அள்ளியபோது எதிர்ப்பக்கத்துச் செயின் தரையைவிட்டு லேசாக எழும்பியது. வாய் மட்டத்துக்கு அள்ளியபோது அசையவில்லை.

“மட்டமா அள்ளு, குமிச்சு அள்ளாத” என்றேன் அண்ணனிடம்.

“சோறு வைக்கச் சொல்லுத மாதிரி சொல்லுதா பாருங்க” என்றான் அண்ணாச்சியிடம்.

முதுகில் இருந்த ஓட்டைகளைக் காட்டி, “ஓட்டப் பக்கெட்டு வேற” என்று அண்ணாச்சி கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். அந்த ஓட்டை தண்ணீர் வடிவதற்கு என்றேன். சகதி தங்கிவிடும், உப்புத் தண்ணீர் வாய்க்காலுக்கே திரும்பப் போய்விடும், பாரமும் குறையும். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். “போங்க. எம் பூனைக்கு வேற வீடு பாக்கணும்.”

மெஷினை லாரியில் ஏற்றி வீட்டு முன்னால் இறக்கியபோது அம்மா வாசலில் நின்று பக்கெட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“எம் மவ படிச்ச படிப்பெல்லாம் ஒரு பக்கெட்டா வந்து எறங்கியிருக்கு” என்றாள். பிறகு கையால் அதன் வாயோரத்தைத் தடவினாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

“ஏம்மா, இது வந்தா உங்களுக்கெல்லாம் வேல கொறையுமோ?”

“சகதி செமக்கது கொறையும். போட்டும். அத எவ வேணும்னு கேட்டா? கழுத்து எலும்பு தேஞ்சதுதான் மிச்சம்” என்றாள். “மிதிக்கதுக்கும் உப்பு வாருறதுக்கும் நாங்க வேணும்லா. இல்ல, அதுக்கும் ஏதும் வாங்கிட்டு வந்துட்டியா?”

“இல்லம்மா.”

“அப்பச் சரி. சாப்பிடு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வேலை செய்கிற அளத்தின் கங்காணியைப் பார்க்கப் போனோம். ஆட்களை வைத்து அளத்தில் வேலை வாங்குகிறவர் அவர். அம்மா அவரை அண்ணே என்பாள், அதனால் எங்களுக்கு மாமா. நான் முதல் தடவை பாலிடெக்னிக் போனபோது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அந்த உரிமையில் போனேன்.

மெஷின் என்ற சொல்லைக் கேட்டதுமே கையை உயர்த்திவிட்டார்.

“வேண்டாம் தாயி. போன வருசம் பக்கத்து அளத்துல ஒருத்தன் இறக்குனான். அரை நாள்ல வாய்க்கால் முழுக்க வாரிட்டான். எல்லாரும் கைதட்டுனாவ. தண்ணி விட்டாவ. மறுநாள் பாத்தா வாய்க்கால்ல தண்ணியே இல்ல. பல்லு களிமண்ணக் கிழிச்சிருக்கு. பொறவு களிமண் அடிச்சு, மிதிச்சு, அந்த அளத்துக்காரன் உப்பு எடுக்கதுக்குள்ள நாங்க உப்ப அம்பாரமாக் குமிச்சுட்டோம்.”

“இதுல பல்லு கெடையாது மாமா. வந்து ஒருக்க பாருங்க.”

வந்தார். பார்த்தார். குனிந்து வாயோரத்தை உள்ளங்கையால் தேய்த்தார். “பொக்க வாயா இருக்கு” என்றார். அவர் சிரிக்காமல் சொன்னார், ஆனால் மறுக்கவும் இல்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். தெப்பத்திலிருந்து, அதாவது உப்புநீரைத் தேக்கி வைக்கிற குளத்திலிருந்து, பிரிகிற வாய்க்காலில் ஒரு துண்டை மட்டும் வார வேண்டும். வாரிய துண்டின் இரண்டு பக்கத்தையும் மண்ணால் அடைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கோடு போடுவார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பார்ப்பார். தண்ணீர் நின்றால் அளம் முழுக்க எங்களுக்கு. இறங்கினால், வாரிய துண்டை நாங்களே மிதித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குமேல் பேச்சில்லை.

அவர் அளத்தில் சரி என்றால் வேம்பார் பக்கத்து அளங்களில் எல்லாம் கூப்பிடுவார்கள். அவர் வேண்டாம் என்றால் எந்த அளத்திலும் கால் வைக்க முடியாது. அண்ணனுக்கு அது தெரியும்.

அன்றைக்கே மெஷினை அளத்துக்குக் கொண்டுபோனோம். அண்ணன் அதை வாய்க்காலுக்குள் இறக்கவில்லை. அகலமான கரைமேல் நிறுத்தி, கையை மட்டும் நீட்டினான். பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவும் அவர்களோடுதான் இருந்தாள்.

முதல் அள்ளலிலேயே அது நடந்தது. பல் வைத்த பக்கெட்டை இத்தனை வருஷம் ஓட்டிய கை. பல்லை முதலில் செங்குத்தாகக் குத்திவிட்டுப் பிறகு இழுக்கிற பழக்கம். அதே பழக்கத்தில் பக்கெட்டின் வாயைச் சாய்க்காமல் நேராக இறக்கிவிட்டான். சகதியைத் தாண்டி, வாயோரம் அடிக் களிமண்ணில் போய் இறங்கியது. தூக்கிய பிறகு பார்த்தால் தரையில் பிறை மாதிரி ஒரு வெட்டு.

“நிறுத்து!” என்று கங்காணியும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டான். அவன் கை லிவரின் மேலேயே இருந்தது. வரப்பில் ஒரு அக்கா, “போச்சு” என்றாள்.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினேன். வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் பாதிக்குமேல் போகவில்லை. அடியில் களிமண்தான் தட்டுப்பட்டது, மணல் நெருடவில்லை. ஆனால் அதை எப்படி நிச்சயமாகச் சொல்வது? அண்ணாந்து, “அண்ணே, படுக்க வச்சு இழு. பல்லு இல்லன்னு நெனச்சு இழு. தோசைய எடுக்க மாதிரி” என்றேன்.

“அவன் என்னைக்கு தோசை சுட்டான்?” என்றது வரப்பிலிருந்து அம்மாவின் குரல். பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி வந்து, கைநிறையக் களிமண்ணை எடுத்து அந்தப் பிறைக்குள் அடைத்து, குதிகாலால் மிதித்தார்கள். கங்காணி கைகட்டி நின்று பார்த்தார். தடுக்கவில்லை.

அடுத்த அள்ளலில் அண்ணன் வாயைப் படுக்கவைத்துக் கரையை நோக்கி மெதுவாக இழுத்தான். சகதி மட்டும் சுருண்டு வந்தது. ஓட்டைகள் வழியே தண்ணீர் கொட்டியது. கீழே வழவழவென்று, முன்பு மிதித்தவர்களின் குதிகால் தடம்கூட அழியாமல் களிமண் தெரிந்தது. வரப்பில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏயப்பா, நக்குன மாதிரி எடுக்குது” என்றாள். மதியத்துக்குள் அந்தத் துண்டை முடித்துவிட்டான். ஆனால் அந்தப் பிறை எல்லோர் மனதிலும் இருந்தது.

இரண்டு பக்கமும் அடைத்தார்கள். தெப்பத்து உப்புத் தண்ணீரை விட்டார்கள். கங்காணி குச்சியை நட்டுக் கோடு போட்டார்.

அப்போது நான் ஒன்று செய்தேன். அம்மாவிடமிருந்து சகதி சுமக்கிற பிளாஸ்டிக் சட்டி ஒன்றை வாங்கி, வாய்க்கால் கரையிலேயே குழி பறித்து, விளிம்பு மட்டும் வெளியே தெரிகிறபடி புதைத்தேன். வாய்க்காலில் இருந்த அதே உப்புத் தண்ணீரை அதில் ஊற்றினேன். நல்ல தண்ணீர் ஊற்றினால் கணக்கு தப்பிவிடும். உப்பு கூடிய தண்ணீர் மெதுவாகத்தான் வற்றும். உள்பக்கத்தில் ஆணியால் கோடு கீறினேன். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. படித்த பிள்ளை ஏதோ செய்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மதியத்துக்குமேல் லீவு போட்டுவிட்டு வந்தேன். பஸ் கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு ஊராக நின்று நின்று வந்தது. அன்று நல்ல வெயில், கடல்காற்றும் பலமாக இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன், அம்மா, கங்காணி மூன்று பேரும் குச்சியைச் சுற்றி நின்றிருந்தார்கள். தூரத்திலேயே அண்ணன் நின்ற நிற்பில் எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர், கோட்டுக்குக் கீழே ஒரு பென்சில் கனத்துக்கு இறங்கியிருந்தது.

“எறங்கிட்டு” என்றார் கங்காணி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “நான் என்ன செய்ய தாயி? கண்ணால பாத்தாச்சு. இன்னைக்கு இவ்வளவு, நாளைக்கு மொத்தமும்.”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. “நாந்தான் குத்திட்டேன்” என்று மட்டும் சொன்னான். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மிதிப்பதற்கு இறங்கத் தயாராகிவிட்டாள்.

“இருங்க” என்றேன்.

சட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். காற்று தண்ணீரில் அலையடித்தது. அது அடங்குகிறவரைக் காத்திருந்தேன். சட்டியிலும் ஆணிக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தேன். பிறகு வாய்க்காலில் இறங்கிக் குச்சியில் அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தது. நம்பாமல் திரும்ப ஒரு தடவை அளந்தேன்.

“மாமா, இந்தச் சட்டியில ஓட்ட இருக்கா?”

“சட்டியிலயா? இருக்காது.”

“அதுலயும் இதே அளவுக்குத்தான் எறங்கியிருக்கு. பாருங்க.”

அவர் குனிந்து சட்டியைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். விரலை வைத்து அங்கே அளந்தார், இங்கே அளந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து கண்ணுக்கு மேலே கையை வைத்து வானத்தைப் பார்த்தார்.

“அட சவமே” என்றார். “வெயிலு!”

கடல் தண்ணீரை வெயிலில் வற்றவைத்துச் சோறு தின்கிற ஊர் எங்களுடையது. காலையில் எழுந்ததும் காற்று எங்கிருந்து அடிக்கிறது, வெயில் எப்படி ஏறும் என்றுதான் முதலில் பார்ப்போம். தண்ணீர் வற்றுவதற்காகவே பாத்தி கட்டுகிறவர்கள், அன்று ஒரு குச்சிக்கு முன்னால் நின்றுகொண்டு, தண்ணீர் எங்கே போயிற்று என்று மண்ணைச் சந்தேகப்பட்டார்கள். பயம் வந்தால் அவ்வளவுதான். எனக்கும்கூட, அந்தப் பிறை வெட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் சட்டியைப் புதைக்கத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கங்காணி வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. “முப்பது வருசமா வெயில நம்பிப் பொழைக்கேன். அதையே மறந்துட்டேன் பாரு. வெளிய சொல்லிராதளா, மானம் போயிரும்” என்றார். அம்மா வரிந்து கட்டிய புடவையை இறக்கிவிட்டாள். “நல்லவேள, இன்னைக்கு மிதிக்க எங் காலுல தெம்பில்ல” என்றாள். அண்ணன் வாய்க்கால் கரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். சட்டையெல்லாம் சகதி. முகத்தின்மேல் கையை மடக்கி வைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று நான் பார்க்கவில்லை, பார்த்தால் எனக்கும் ஏதாவது வந்துவிடும் போலிருந்தது.

எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா தூக்குவாளியில் மிச்சம் வைத்திருந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும், அந்தக் கரையிலேயே உட்கார்ந்து, கம்பெனி சட்டையில் சிந்தச் சிந்தச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அதன் பிறகு மெஷின் ஒரு நாளும் சும்மா நிற்கவில்லை. அந்த அளம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அதற்கடுத்தது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அண்ணன் நல்ல தண்ணீர் அடித்து மெஷின் முழுக்கக் கழுவி, மெஷின் கையை நீட்டி மடக்குகிற பளபளப்பான ராடுகளுக்கெல்லாம் கிரீஸ் தடவுகிறான். உப்பு ஒரு ராத்திரி ஒட்டியிருந்தாலும் இரும்பைத் தின்றுவிடும் என்று நான் சொன்னதை, மற்ற டிரைவர்களுக்கு அவன் கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். இன்னொன்றும் சொல்கிறானாம்: “எந் தங்கச்சி பாத்து எடுத்தது.” இது என் காதுக்கு வந்தபோது நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். ஆனால் சொன்னவரிடம், “என்ன சொன்னான்?” என்று இன்னொரு தடவை கேட்டேன்.

கடை அண்ணாச்சியை ஒரு நாள் துறைமுகச் சாலையில் டீக்கடையில் பார்த்தேன். “ஏளா, அந்த மாதிரி பக்கெட்டு இன்னும் இருக்கான்னு ரெண்டு பேரு கேட்டுட்டுப் போயிட்டாவ. இல்லாமப் போச்சே” என்றார். “பூன என்ன செய்யுது?” என்று கேட்டேன். “பிரேக்கர்ப் பெட்டிக்குள்ள குட்டி போட்டிருக்கு” என்றார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. பெரிய வாய்க்காலிலிருந்து பாத்திக்குப் பாத்தி பிரிகிற கிளை வாய்க்கால்கள் குறுகல். இந்த அகல பக்கெட் அதற்குள் இறங்காது. அங்கே இன்னமும் சட்டியும் தலைச்சுமையும்தான். ஒரு சாயங்காலம் அம்மா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, “இது ஒண்ணுதான் மிச்சம்” என்று சும்மா சொன்னாள்.

அவ்வளவு குறுகலாக, பல் இல்லாத பக்கெட் எதுவும் விற்பனைக்குக் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளை வாய்க்கால்களின் அகலத்தை அளந்தேன். பழைய ஃபிரிட்ஜ் அட்டையை வெட்டி, முழு அளவில் ஒரு பக்கெட் செய்து, வாய்க்காலுக்குள் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கை நுழைகிற இடைவெளியோடு உட்கார்ந்தது. அட்டையை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

டவுனில் வெல்டிங் பட்டறைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பல்லு எங்கம்மா வைக்கணும்?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, பின்னின் அளவுகளை நானே தகட்டில் சாக்பீஸால் எழுதிக் கொடுத்தேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன். பக்கத் தகடுகள் இரண்டையும் வெட்டி, முதுகோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார்கள். காதில் துளை போடுகிறபோது பக்கத்தில் நின்று வெர்னியரை வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.